கீமோ காலத்தில் தூக்கம்: நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் ஓர் எளிய விளக்கம்

புற்றுநோய் வந்த வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போகிற எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே புத்திமதியைச் சொல்லிவிட்டு வருகிறோம். "நல்லா ரெஸ்ட் எடுங்க. படுத்தே இருங்க. தூங்கினாத்தான் உடம்பு தேறும்." அன்போடு சொல்வதுதான். ஆனால் அதற்குள் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. படுத்திருப்பதும் தூங்குவதும் ஒன்று என்பது முதலாவது. முயற்சி செய்தால் தூங்கிவிடலாம் என்பது இரண்டாவது. இவற்றை நம்பி ராத்திரி 9 மணிக்கே படுத்து, விடியும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளிகள் ஏராளம். பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கணவனோ மனைவியோ தூங்கினாரா என்று கேட்பவர்களே இல்லை.

வேலூர்க்காரர்கள் இதைத் தினமும் பார்க்கிறோம். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில், காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கம், லாட்ஜ் அறைகளில் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்து கீமோ முடித்துத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளியோடும் ஓர் அட்டெண்டர், பெரும்பாலும் அவருடைய துணைதான். நோயாளிக்கு ஃபைல் உண்டு, ரிவ்யூ தேதி உண்டு. அட்டெண்டரின் தூக்கத்தைப் பற்றி எழுதிவைக்க எந்த ஃபைலிலும் இடமில்லை.

தூக்க மாத்திரை இல்லாமல் இந்த இருவரின் தூக்கத்தையும் எப்படிச் சரிசெய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். 'மாத்திரை இல்லாமல்' என்று நான் சொல்வது தூக்க மாத்திரையை மட்டும். வலி மாத்திரையையோ வாந்தி மாத்திரையையோ யாரும் நிறுத்தக் கூடாது. வலி அடங்காதவரை கீழே சொல்லும் எந்த முறையும் உதவாது.

பசி எப்படி வருகிறது?

தூக்கத்தைப் புரிந்துகொள்ள முதலில் பசியைப் பார்ப்போம். மத்தியானம் 1 மணிக்கு நன்றாகப் பசிக்கிறது என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கும். காலையில் சாப்பிட்டு வெகு நேரமாகிவிட்டது, வயிறு காலி. அதோடு தினமும் அந்த நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பு பழகியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கூடினால் பசி தானாக வரும். நடுவில் 11 மணிக்கு இரண்டு வடையும் டீயும் உள்ளே போயிருந்தால், இலை போட்டு உட்கார்ந்தாலும் சோறு இறங்காது.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. வயிறு காலியாக இருக்கிறது, சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டது, ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு கெட்ட செய்தி வருகிறது. பசி அப்படியே அடைத்துப் போகும். எவ்வளவு வற்புறுத்தினாலும் ஒரு வாய் உள்ளே போகாது.

தூக்கமும் இந்த மூன்றின்படிதான் வருகிறது.

தூக்கத்தின் மூன்று பக்கங்கள்

முதலாவது தூக்க அழுத்தம். எவ்வளவு நேரம் விழித்திருந்தோமோ அந்த அளவுக்குச் சேரும் தூக்கத் தேவைக்கு இந்தப் பெயர். மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் அதில் சேர்ந்துகொண்டே போகிறது. அது கூடக்கூடத் தூக்கம் சொக்கும். தூங்கும்போது குறைந்துவிடும். காபி, டீயில் உள்ள காஃபீன், மூளையில் அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அழுத்தம் அப்படியே இருக்கிறது, நமக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த டீ ராத்திரி 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது உடல் கடிகாரம். எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று நாள்தோறும் நேரம் பார்த்துச் சொல்லும், மூளையின் உள்ளே இருக்கும் ஒரு சிறு பகுதி இது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் இது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி, இரவு வந்துவிட்டது என்று உடம்பு முழுக்கத் தெரியப்படுத்துகிறது. இந்த இரண்டும் சேர்ந்து தூக்கத்தை நடத்துகின்றன என்ற கருத்தை 1982-இல் முன்வைத்தவர் அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர்.

மூன்றாவது உஷார் நிலை. ஆபத்து இருக்கிறது என்று மூளை நினைத்துவிட்டால் இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், காது கூர்மையாகும். அழுத்தம் எவ்வளவு சேர்ந்திருந்தாலும், மணி என்ன ஆகியிருந்தாலும், அது தூக்கத்தைத் தள்ளி நிறுத்திவிடும்.

சுருக்கமாக: போதுமான அழுத்தம், சரியான நேரம், உஷார் தணிந்த உடம்பு. இவை மூன்றும் இருந்தால் தூக்கம் தானாக வரும். நாம் செய்யக்கூடியது இந்த மூன்றையும் ஏற்படுத்திக் கொடுப்பதுதான். 'இப்போ தூங்கியே ஆகணும்' என்று பிடிவாதமாக முயல்வது மூன்றாவதைக் கிளப்பிவிடும்.

சிகிச்சைக் காலத்தில் இவை எப்படிக் குலைகின்றன?

கீமோ நாள்களில் வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கப் பல நேரம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அவசியமான மருந்து. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். 'கீமோ முடிஞ்ச ரெண்டு ராத்திரி கண்ணே மூடல' என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஸ்டீராய்டை எந்த நேரத்தில் போட்டுக்கொள்வது, காலையிலேயே முடித்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். நாமாக நேரத்தை மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மருந்துகளாலும், புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் ஊசிகளாலும் நடுராத்திரியில் திடீரென உடம்பெல்லாம் சூடேறி வியர்த்துக் கொட்டும். வலி, இருமல், அடிக்கடி சிறுநீர், அரிப்பு என்று மற்ற காரணங்களும் உண்டு.

இவற்றையெல்லாம்விட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது களைப்பு. கீமோவாலும், நம் ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் கதிர்வீச்சாலும் வரும் களைப்பு வேறு, தூக்கம் வேறு. கண் சொக்கி, தலை தொங்கி, உட்கார்ந்த இடத்திலேயே அசந்து போனால் அது தூக்கம். கை கால் அசைக்கத் தெம்பில்லை, ஆனால் படுத்தால் கண் மூடவில்லை என்றால் அது களைப்பு. சாதாரண வேலைக் களைப்பு படுத்து எழுந்தால் போய்விடும். புற்றுநோய்க் களைப்பு அப்படி ஓய்வால் மட்டும் போகாது. இது தெரியாமல் நாள் முழுக்கப் படுக்கையில் இருந்து, அரை மணி இங்கே, முக்கால் மணி அங்கே என்று கண்ணயர்ந்தால், ராத்திரிக்கு வேண்டிய தூக்க அழுத்தம் வடையும் டீயும் சாப்பிட்ட வயிறு போலக் காணாமல் போகும்.

நாள் முழுக்க மங்கலான அறையில் இருப்பதால் உடல் கடிகாரத்துக்கும் பகல் எது, இரவு எது என்று தெரியாமல் போகிறது. ஸ்கேன் ரிப்போர்ட், பணம், பிள்ளைகள் என்ற கவலைகள் உஷார் நிலையைக் கிளப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆக மூன்றுமே ஒரே சமயத்தில் கெடுகின்றன. புற்றுநோயாளிகளிடம் தூக்கமின்மை மற்றவர்களைவிட வெகு அதிகமாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தொடங்கிவைத்தது ஒன்று, தொடரவைப்பது வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்பவர்கள் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் முதலில் கெட்டதற்குக் காரணம் நோயும் மருந்தும். ஆனால் சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆன பிறகும் பலருக்குத் தூக்கம் திரும்புவதில்லை. ஏன்? ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். தூங்க முடியாத நாள்களைச் சமாளிக்க நாம் சில பழக்கங்களைத் தொடங்குகிறோம். சீக்கிரம் படுப்பது, விழித்த பிறகும் படுக்கையை விடாமல் இருப்பது, பகலில் ஈடுகட்டுவது, மணி பார்த்துக்கொண்டே கிடப்பது. முதல் காரணம் போன பிறகும் இந்தப் பழக்கங்கள் நிற்பதில்லை. அவையே தூக்கமின்மையை நடத்திச் செல்கின்றன.

வாரத்தில் குறைந்தது 3 இரவுகள், 3 மாதம் அல்லது அதற்கு மேல், தூங்க வாய்ப்பு இருந்தும் தூக்கம் வராமல் பகல் பாதிக்கப்பட்டால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதற்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை இல்லை, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு பரிந்துரைத்தது. பெயர் நீளமாக இருக்கிறது, விஷயம் எளிது: தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் ஒழுங்காக மாற்றும் பயிற்சி. 'சி.பி.டி.-ஐ' (CBT-I) என்று சொன்னால் மனநல மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் புரியும். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடமும் இதைச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். பொதுவாக 4 முதல் 8 அமர்வுகள். அதன் முக்கியமான பகுதிகள்தான் அடுத்து வருபவை.

படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது

கேட்டால் வினோதமாக இருக்கும். தூக்கம் வராதவரிடம் போய்க் குறைவாகப் படுங்கள் என்று சொல்வதா? ஆனால் எல்லாப் பகுதிகளிலும் வலுவானது இதுதான்.

குடியாத்தத்தில் தறி வேலை செய்யும் ஒருவரும் அவர் மனைவியும் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், சிகிச்சை முடிந்து சில மாதம் ஆகிறது. ராத்திரி 9 மணிக்குப் படுக்கிறார், காலை 7 மணிக்கு எழுகிறார். படுக்கையில் 10 மணி நேரம். விட்டு விட்டுத் தூங்கியதைக் கூட்டினால் 6 மணி நேரம்தான் வருகிறது. தூங்கிய நேரம் படுக்கையில் இருந்த நேரத்தில் எத்தனை சதவீதமோ அதுதான் தூக்கத் திறன். இவருக்கு 60 சதவீதம். 85 சதவீதமாவது இருந்தால் நல்லது.

முதலில் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம், காலையில் எழுந்ததும் எத்தனை மணிக்குப் படுத்தோம், ஏறக்குறைய எவ்வளவு தூங்கினோம், எப்போது எழுந்தோம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். உத்தேசமாக எழுதினால் போதும். ராத்திரியில் கடிகாரம் பார்க்கக் கூடாது. சராசரி 6 மணி நேரம் என்று வந்தால் படுக்கையும் 6 மணி நேரம்தான்: இரவு 11.30-க்குப் படுத்துக் காலை 5.30-க்கு எழுவது. எவ்வளவு மோசமான இரவாக இருந்தாலும் 5.30-க்கு எழுந்தே தீர வேண்டும். இப்படிச் செய்தால் தூக்க அழுத்தம் சிதறாமல் சேரும். அந்த 6 மணி நேரத்தில் 5 மணி 15 நிமிடம் தூங்கினாலே திறன் 87 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரு வாரம் 85-க்கு மேல் நின்றால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு 15 நிமிடம். நோட்டில் எவ்வளவு குறைவாக வந்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது, ஐந்தரையில் நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல் வாரமும் இரண்டாம் வாரமும் கஷ்டமாகத்தான் இருக்கும். சாயங்காலமே கண்ணைச் சுழற்றும். அதை முன்கூட்டியே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும், இல்லையென்றால் "பாவம், தூங்கட்டும்" என்று யாராவது பாயைப் போட்டுவிடுவார்கள்.

இது எல்லோருக்கும் ஏற்றதில்லை. கீமோ நடந்துகொண்டிருப்பவர்கள், வயதானவர்கள், எலும்புக்கோ மூளைக்கோ நோய் பரவியவர்கள், வலிப்பு வந்தவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. அவர்களுக்கு மென்மையான வழி இருக்கிறது. படுக்கை நேரத்தை ஒரேயடியாகக் குறைக்காமல் வாரத்துக்கு 15 நிமிடமோ அரை மணியோ குறைத்துக்கொண்டே வருவது. பகலில் தூங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மத்தியானம் 3 மணிக்குள், அரை மணிக்கு மிகாமல், எழுப்ப ஆள் வைத்துக்கொண்டு தூங்கலாம். படுக்கை நேரத்தைக் குறைக்கும் நாள்களில் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள். அட்டெண்டருக்கும் இது பொருந்தும்.

ஒரே அறையில் இருப்பவர்கள் என்ன செய்வது?

தூக்கம் வராமல் பல இரவு படுக்கையில் புரண்டவர்களின் மூளை, படுக்கையையும் விழிப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. சோபாவில் டி.வி. பார்க்கும்போது கண்ணைச் சொக்கும், படுக்கைக்கு வந்ததும் தெளிந்துவிடும். இந்த முடிச்சை அவிழ்க்க, படுக்கையைத் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கண் சொக்கினால்தான் படுப்பது. சுமார் 20 நிமிடம் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, மறுபடி சொக்கும்போது திரும்புவது. ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் சொன்ன முறை இது.

புத்தகங்களில் "வேறு அறைக்குப் போங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். லாட்ஜில் ஒற்றை அறை, அதில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், நான்கு பைகள். வேறு அறைக்கு எங்கே போவது? அதற்கும் வழி உண்டு. ஜன்னல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதை 'விழித்திருக்கும் இடம்' என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் சாப்பிடுவது, போன் பேசுவது, வந்தவர்களோடு பேசுவது எல்லாம் அங்கே. ராத்திரி தூக்கம் கலைந்தால் மங்கலான வெளிச்சத்தில் அங்கேயே உட்கார்ந்து ஜபமாலை உருட்டலாம், துவா ஓதலாம், பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டலாம். போன் வேண்டாம்.

கட்டிலை விட்டு இறங்கவே முடியாதவர்களுக்கு: பகலில் தலைமாட்டை உயர்த்தி, ஜன்னலைத் திறந்து, உட்கார்ந்தபடி இருக்க வையுங்கள். ராத்திரி தலைமாட்டைத் தாழ்த்தி, விளக்கை அணையுங்கள். படுக்கை ஒன்றே என்றாலும் பகல் படுக்கையும் இரவுப் படுக்கையும் வேறு வேறு என்று மூளை கற்றுக்கொள்ளும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: தூங்கும் அளவுக்குப் படுக்கை நேரம், தூக்கம் வந்தால் மட்டும் படுக்கை, எழும் நேரம் தினமும் ஒன்று.

கூட இருப்பவரின் தூக்கம்

நடுராத்திரியில் இப்படி ஒரு பேச்சு பல வீடுகளில் நடக்கும்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

"ம்... தூங்கிட்டுதாம்மா இருக்கேன். நீ தூங்கு."

இருவருமே தூங்கவில்லை. அவர் கவலைப்படுவார் என்று இவள் அசையாமல் கிடக்கிறாள், இவள் கவலைப்படுவாள் என்று அவர் மூச்சை அடக்கிக் கிடக்கிறார். அன்பினால் செய்வதுதான், ஆனால் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பது உஷார் நிலையை வளர்க்கும். "தூக்கம் வரலைன்னா நான் நாற்காலிக்குப் போயிடுவேன், நீங்க எழுந்திருக்க வேணாம்" என்று பகலிலேயே பேசிவைத்துக்கொண்டால் இந்த நாடகம் தேவைப்படாது. ஒருவர் தூக்கம் கெட்டால் மற்றவரின் தூக்கமும் கெடுகிறது என்பதால் இருவரையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

அட்டெண்டரின் சிக்கல் நோயாளியுடையதிலிருந்து வேறு. அவருக்குத் தூக்க அழுத்தம் மலை போல இருக்கும். கெடுப்பது மூன்றாவது பக்கமான உஷார் நிலை. தூங்கும்போதும் மூளை ஒலிகளைச் சலித்துக்கொண்டே இருக்கிறது. லாரி ஹாரனை விட்டுவிடும், தன் பெயரைச் சொன்னால் சட்டென்று கவனிக்கும். கட்டில் கிறீச்சிட்டால் எழுந்துகொள்ளும்படி அட்டெண்டரின் மூளை தன்னைப் பழக்கிக்கொள்கிறது. படுத்து 7 மணி நேரம் ஆனாலும் எழும்போது தூங்கியது போலவே இருக்காது.

'கவலைப்படாமல் தூங்குங்க' என்று சொல்வதில் பயனில்லை. காது கொடுத்துக் கேட்கவேண்டிய அவசியத்தையே இல்லாமல் செய்ய வேண்டும். நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பூஜை மணியோ, கடைகளில் கிடைக்கும் கம்பியில்லாத காலிங் பெல்லோ வைத்துவிடுங்கள். 'தேவைன்னா மணி அடிக்கும், அடிக்காதவரைக்கும் ஒண்ணும் இல்ல' என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில நாளில் மூளை மணிக்கு மட்டும் எழக் கற்றுக்கொள்ளும். தண்ணீர், மாத்திரை, வாந்தி எடுக்கப் பாத்திரம், டார்ச் எல்லாம் படுக்கும் முன்பே பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் எதற்கெல்லாம் எழுப்ப வேண்டும் என்பதைப் பகலில் டாக்டரிடமோ நர்ஸ் சிஸ்டரிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, நிற்காத வாந்தி, குழப்பமான பேச்சு இவையும் அந்தத் தாளில் வரும். ராத்திரி 2 மணிக்கு 'இதுக்குப் போகணுமா, வேணாமா' என்று யோசிப்பதுதான் மனத்தை அதிகம் பிடித்து உலுக்குகிறது. முடிவு சுவரில் இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை.

துண்டு துண்டான தூக்கத்தைவிட, தொடர்ச்சியான 4, 5 மணி நேரம் எவ்வளவோ மேல். வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் ராத்திரியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 2 மணி வரை மகன், அதற்கு மேல் அப்பா. தன் முறை இல்லாதபோது அப்பா வேறு அறையிலோ மாடியிலோ போய்ப் படுக்க வேண்டும். பக்கத்திலேயே படுத்தால் அது முறை மாற்றியதாகாது. கொஞ்ச காலம் தனித்தனியாகப் படுப்பதில் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ஒன்றாகப் படுத்தால்தான் நிம்மதி என்றால் அதுவும் சரியே, இருவரும் பேசி முடிவு செய்தால் போதும்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவதைவிட, வாரத்தில் ஓர் இரவு நீங்கள் அட்டெண்டராக இருங்கள். அதைவிடப் பெரிய உதவி அந்த வீட்டுக்கு வேறில்லை.

தூக்கத்துக்காகச் சில ஆண்கள் ராத்திரி குவார்ட்டர் போட்டுக்கொள்கிறார்கள். சாராயம் கண்ணைச் சீக்கிரம் மூடவைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்து எடுத்துவிடும். அவசரத்துக்கு எழுந்து வண்டி எடுக்கவேண்டியவர் அந்த நிலையில் இருக்கவும் கூடாது.

வெளிச்சம், நடை, வெக்கை

உடல் கடிகாரத்துக்குக் காலை வெளிச்சம் வேண்டும். எழுந்ததும் அரை மணி நேரம் இருவரும் திண்ணையிலோ மாடியிலோ வாசலிலோ உட்காருங்கள். வேலூர் வெயிலுக்கு 8 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வெளிச்சம் கண்ணுக்குத்தான் வேண்டும், தோலில் வெயில் பட வேண்டியதில்லை. சில கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் தோலை வெயில் தாங்காததாக்கும் என்பதால் நிழலில் இருப்பதே சரி. கீமோ எடுத்த பெண்களுக்குக் காலையில் பிரகாசமான வெளிச்சம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அது களைப்பு கூடாமல் தடுத்ததாகத் தெரிந்தது.

புற்றுநோய்க் களைப்புக்கு நல்ல ஆதாரமுள்ள வைத்தியங்களில் ஒன்று மெதுவான நடை. முடிந்தவர்கள் கோட்டை அகழி ஓரம் வரை போகலாம், முடியாதவர்கள் வராந்தாவில் நாலு நடை நடந்தாலும் கணக்கில் சேரும். யோகாவும் உதவும். சிகிச்சை முடித்த 410 பேரிடம் அமெரிக்காவில் கேரன் மஸ்டியன் குழுவினர் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 4 வாரம் எளிய ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் செய்தவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது. தலைகீழாக நிற்பதெல்லாம் கிடையாது, மென்மையான யோகா.

எங்கள் ஊர்க் கோடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 40 டிகிரியைத் தாண்டும் பகலில் கான்கிரீட் கூரை சூடேறி, ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். தூக்கம் வர உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால், தோலுக்கு ரத்தம் வந்து உள்வெப்பம் வெளியேறும். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பது, பருத்தித் துணி, எதிரெதிர் ஜன்னலைத் திறந்து கொசுவலை கட்டுவது எல்லாம் உதவும். ஏர்கூலர் வைத்தால் அதன் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், நோயெதிர்ப்பு குறைந்த உடம்பு பக்கத்தில் இருக்கிறது.

டீயை மத்தியானத்தோடு நிறுத்துவது நோயாளிக்கு எளிது. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் அடிக்கடி நிற்கும் அட்டெண்டருக்குத்தான் கஷ்டம். மத்தியானத்துக்கு மேல் பால் வாங்கிக்கொள்ளலாம்.

கவலைக்கு ஒரு நேரம்

கவலைப்படாதே என்றால் யாராலும் முடியாது. கவலைக்கு வேறு நேரம் கொடுக்கலாம். சாயங்காலம் 6 மணிபோல 15 நிமிடம், இருவரும் ஒரு நோட்டோடு உட்காருங்கள். ரிவ்யூவில் கேட்கவேண்டியது, காப்பீட்டு அட்டை வேலை, மகள் கல்லூரிக் கட்டணம், பயம், எல்லாவற்றையும் எழுதுங்கள். நாளை செய்யக்கூடியது இருந்தால் எதிரே அதையும் எழுதி மூடிவிடுங்கள். ராத்திரி அதே எண்ணம் வந்தால் 'நோட்டில் இருக்கிறது, நாளை 6 மணிக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிவைப்பது, பழகப் பழக எளிதாகும்.

ஒரு பயத்தை மட்டும் இங்கேயே பேசிவிட வேண்டும். 'தூங்கலைன்னா எதிர்ப்புச் சக்தி போயிடும், மருந்து வேலை செய்யாது' என்று பலர் நடுங்குகிறார்கள். சில இரவுகள் தூங்காததால் கீமோவின் வேலை கெட்டுப்போவதில்லை. அந்தப் பயம்தான் அடுத்த இரவையும் கெடுக்கிறது.

படுக்கும் முன் மூச்சை இயல்பாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுவதைப் பத்து நிமிடம் செய்யுங்கள். இதயத் துடிப்பு தணியும். தூக்கம் வரவைப்பதற்காக இதைச் செய்யாதீர்கள், உடம்பைத் தளர்த்துவதற்காக மட்டும் செய்யுங்கள்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

ரிவ்யூவில் கட்டியைப் பற்றிப் பேசியே நேரம் முடிந்துவிடுகிறது. "தூக்கம் இல்லை டாக்டர்" என்று முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். வலி, இரவு வியர்வை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, படுத்தால் கால் குடைந்து அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, இவற்றுக்குத் தனித்தனிச் சிகிச்சை உண்டு. குறட்டையும் மூச்சு நிற்பதும் அட்டெண்டருக்கும் இருக்கலாம். எதிலும் ஆசையில்லாமல் போவது, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுவது இருவரில் யாருக்கு வந்தாலும் மறைக்க வேண்டாம். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

தூக்கத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் வாங்கும் முன் புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள். கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, கீமோ நேரத்தில் கல்லீரல் ஏற்கெனவே சுமையில் இருக்கிறது. பாலில் ஜாதிக்காயை அதிகமாகக் கலந்தால் படபடப்பும் குழப்பமும் வரும்.

ஏற்கெனவே தினமும் தூக்க மாத்திரை போடுபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தூக்கம் இன்னும் மோசமாகும், சில மாத்திரைகளில் வலிப்பு வரைக்கும் போகும். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே மேலே சொன்ன பழக்கங்களைத் தொடங்கலாம். தூக்கம் நிலைப்பட்ட பிறகு, எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அந்தத் தூக்க நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.